ஆடியோ சாதனங்களைச் சோதிக்க இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாக ஒரு கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பாகம்) மாட்டினாலும் சரி, ஸ்பீக்கரை மாற்றினாலும் சரி, நம் கை முதலில் போவது எப்போதும் அருமையாக ஒலிக்கும் தட்டின் பக்கம்தான். அந்தத் தட்டு அருமையாகத்தான் ஒலிக்கும். எந்தச் சாதனத்தில் போட்டாலும் அப்படித்தான் ஒலிக்கும். அதனாலேயே சோதனைக்கு அது உதவாது. சோதனைத் தட்டு ஒரு நேரத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் சரியான விடை என்ன என்பதும் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டிஜிட்டல் கோப்பு எந்த வீட்டில் ஓடினாலும் ஒரே கோப்புதான். இசைத்தட்டு அப்படியல்ல. ஒரே ஆல்பத்தின் இரண்டு பிரதிகளுக்கான மூலத் தட்டின் பள்ளங்களை வெவ்வேறு பொறியாளர்கள் வெட்டியிருக்கலாம், பிரதிகளை வெவ்வேறு ஆலைகள் அச்சடித்திருக்கலாம். ஒன்று உறை பிரிக்காதது, இன்னொன்று தேய்ந்த ஊசியில் பல வருடம் ஓடியது என்றும் இருக்கலாம். கேட்கும் குறை தட்டினுடையதா, சாதனத்தினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், நல்ல ஆம்ப்ளிஃபையரை விற்றுவிட்டு அதே குறையோடு இன்னொன்றை வாங்கி வருவோம். ஆகவே முதல் வேலை தட்டைத் தெரிந்துகொள்வது. சாதனத்தைப் பற்றிய முடிவெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படி 1: பாட்டுக்கு முன் டெஸ்ட் ரெக்கார்டு

ஊசியும் டோன் ஆர்மும் (ஊசியைத் தாங்கும் நீண்ட கை) சரியாக அமையாத டர்ன்டேபிளில் (தட்டைச் சுழற்றும் கருவியில்) எந்தப் பாட்டைப் போட்டாலும் தவறான விடைதான் கிடைக்கும். அதனால் தொகுப்பில் முதலில் இருக்க வேண்டியது தொனிகளும் இரைச்சலும் பதிந்த தொழில்நுட்பத் தட்டு ஒன்று. கார்ட்ரிட்ஜ் தயாரிக்கும் ஆர்டோஃபோன் நிறுவனம் ஒன்று வெளியிடுகிறது. ஹை-ஃபை நியூஸ் இதழின் டெஸ்ட் ரெக்கார்டும், அனலாக் புரொடக்‌ஷன்ஸ் வெளியிட்ட டெஸ்ட் எல்பியும் பலரிடம் உண்டு. தடங்கள் தட்டுக்குத் தட்டு கொஞ்சம் மாறும், ஆனால் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

முதலில் வேகம். வட்டமாகக் கோடுகள் போட்டு, தட்டின் மேல் வைக்கும் ஸ்ட்ரோப் அட்டையை எல்லோரும் பார்த்திருப்போம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய வகை விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் அட்டையில் 180 கோடுகள் இருக்க வேண்டும். வேகம் சரியாக இருந்தால் அவை அசையாமல் நிற்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 216 கோடுகள். 45 சுற்றுக்கு 60 ஹெர்ட்ஸில் கணக்கு 160 என்று முழு எண்ணாக வருகிறது, ஆனால் 50 ஹெர்ட்ஸில் 133.33 என்று பின்னமாகிவிடுகிறது. 133 கோடு போட்ட அட்டையில் கோடுகள் அசையாமல் நின்றால் உண்மையான வேகம் 45.11 சுற்று. கோடு மெல்ல நகர்கிறதே என்று 45-இல் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்இடி விளக்குகளில் பல இப்படி மின்னுவதே இல்லை, அந்த வெளிச்சத்தில் அட்டை பயன்படாது. டெஸ்ட் ரெக்கார்டில் 3,150 ஹெர்ட்ஸ் தொனி இருந்தால் அதைப் போட்டு, கைபேசி செயலி ஒன்றால் அளப்பது இன்றைக்கு எளிது. சராசரி வேகத்தோடு, வேகம் எவ்வளவு ஊசலாடுகிறது என்பதையும் அது காட்டிவிடும்.

அடுத்தது ஒத்ததிர்வு. டோன் ஆர்மின் எடையும் கார்ட்ரிட்ஜின் நெகிழ்வும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானாகவே ஆடத் தொடங்கும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் வளைவுகள் ஆர்மை ஆட்டும். மேலே போனால் இசையின் பாஸ் (தாழ்ந்த சுரங்கள்) பகுதியிலேயே கை வைக்கும். டெஸ்ட் ரெக்கார்டில் அதிர்வெண் படிப்படியாக இறங்கிவரும் தடம் இருக்கும். அதைப் போட்டுவிட்டு ஊசியைக் கவனியுங்கள். எந்த எண் வரும்போது ஊசி கண்ணுக்குத் தெரிய நடுங்குகிறதோ அதுதான் உங்கள் எண்.

அப்புறம் டிராக்கிங், அதாவது ஊசி பள்ளத்தை விடாமல் பின்தொடர்வது. 300 ஹெர்ட்ஸ் அளவிலான தொனி ஒவ்வொரு தடத்திலும் உரக்கமாகிக்கொண்டே போகும். கடைசித் தடம் நல்ல கார்ட்ரிட்ஜ்களையும் திணறடிக்கும், அதில் தோற்றால் கவலை வேண்டாம். எந்தச் சேனல் முதலில் கரகரக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். பள்ளத்தின் உள்சுவர் இடது சேனல், வெளிச்சுவர் வலது. ஆர்ம் இயல்பாகவே மையத்தை நோக்கி இழுபடுவதால், அதை எதிர்க்கும் வெளிப்பக்க விசையான ஆன்ட்டி ஸ்கேட்டிங் குறைவாக இருந்தால் ஊசி உள்சுவரில் அழுந்தும். வெளிச்சுவர் பிடி தளரும். வலது சேனல் முதலில் கெடும். இடது முதலில் கெட்டால் ஆன்ட்டி ஸ்கேட்டிங் அதிகம் என்று பொருள்.

இந்த உரத்த தொனிகளை அடிக்கடி ஓட்டாதீர்கள். பள்ளமும் தேயும், ஊசியும் தேயும். கார்ட்ரிட்ஜ் மாட்டியபோது ஒரு முறை, சந்தேகம் வந்தால் இன்னொரு முறை, அவ்வளவு போதும்.

படி 2: பிரதியைத் தேர்ந்தெடுப்பது

சோதனைக்கு ஆல்பத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது. குறிப்பிட்ட ஒரு பிரதியை, அதில் குறிப்பிட்ட ஒரு பக்கத்தை, அந்தப் பக்கத்தில் குறிப்பிட்ட இரண்டு நிமிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் மற்ற படிகளால் பயனில்லை.

தட்டை ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். கீறல்கள் உடனே தெரியும், ஆனால் கீறலைவிடத் தேய்மானம்தான் ஆபத்து. கீறல் ஒரு சொடக்குச் சத்தத்தோடு போய்விடும், அதை யாரும் ஆம்ப்ளிஃபையரின் குறை என்று எண்ண மாட்டார்கள். தேய்ந்த பள்ளமோ உரத்த இடங்களில் மட்டும் கரகரக்கும். அது அப்படியே ஊசியின் குறை போலக் கேட்கும். உரத்த பகுதிகளில் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் அந்தப் பிரதியைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். பளபளப்பாக இருந்தும் தேய்ந்த தட்டுகள் உண்டு. எனவே பக்கத்தின் கடைசி உரத்த பகுதியைக் கேட்காமல் எதையும் ஏற்க வேண்டாம்.

புதுத் தட்டு என்பதாலும் நம்பிவிட முடியாது. நடு ஓட்டை மையத்திலிருந்து விலகியிருப்பது மிகச் சாதாரணம். அரை மில்லிமீட்டர் விலகினாலே, மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தூரத்தில் ஓடும் பள்ளத்தில் சுருதி அரை சதவீதம் மேலும் கீழும் அலையும். 60 மில்லிமீட்டர் தூரத்துக்கு உள்ளே வந்தால் அது 0.8 சதவீதத்தைத் தாண்டும். ஒழுங்கான டர்ன்டேபிளின் சொந்த ஊசலாட்டம் இதில் சிறு பங்குதான். தட்டு சுற்றும்போது ஹெட்ஷெல்லை (ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜ் பொருத்தும் பகுதியை) மேலிருந்து பாருங்கள். 1.8 நொடிக்கு ஒரு முறை அது இடமும் வலமும் அசைந்தால் தட்டு மையம் தவறியது. வேகத்தைச் சோதிக்க அந்தப் பிரதி ஒருபோதும் ஆகாது.

தட்டு செய்யும் பிளாஸ்டிக்கான வைனில் முழுதாக நிரம்பாமல் அச்சான இடத்தில், துணி கிழிவது போன்ற சத்தம் பெரும்பாலும் ஒரு பக்கச் சேனலில் மட்டும் வரும். கழுவினாலும் போகாது. அதைக் கேட்டு கார்ட்ரிட்ஜைச் சந்தேகிப்பவர்கள் நிறைய.

பக்கத்தின் நீளத்தையும் பாருங்கள். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 18 முதல் 22 நிமிடம் வரை இருந்தால், வெட்டியவருக்குப் பள்ளங்களை வேண்டிய அளவு அகலமாக விட இடம் இருந்திருக்கும். 27, 28 நிமிடம் என்றால் ஒலியளவையோ பாஸையோ குறைத்துத்தான் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். அந்தத் தட்டை வைத்து ஸ்பீக்கரில் பாஸ் போதவில்லை என்று தீர்ப்பு சொல்வது அநியாயம்.

உறையில் ஒட்டியிருக்கும் 180 கிராம் ஸ்டிக்கர் தட்டின் எடையை மட்டுமே சொல்கிறது. கனமான தட்டு மேடையில் ஓரளவு நன்றாக உட்காரும், ஆனால் மாஸ்டரிங் (வெட்டும் முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் வேலை) மோசம் என்றால் எடை அதைத் திருத்தாது. அதைவிடப் பயனுள்ள தகவல் கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றுப் பகுதியில் இருக்கிறது. அங்கே கீறியிருக்கும் எண்களையும் எழுத்துகளையும் படியுங்கள். தட்டு வெட்டும் பொறியாளர்களில் ராபர்ட் லட்விக், தான் வெட்டிய தட்டுகளில் தன் முதலெழுத்துகளைக் கீறினார், ரூடி வான் கெல்டர் தன் பெயரைப் பொறித்தார், ஜார்ஜ் பெக்கம் போர்க்கி என்று எழுதினார். பெயர் இருப்பதாலேயே தட்டு நன்றாக இருந்துவிடாது. அதே பிரதியை மறுபடி வாங்க நேர்ந்தால் எதைத் தேட வேண்டும் என்பதை அந்தக் கீறல்கள் சொல்லிவிடும். அதனால் உங்கள் சோதனைத் தட்டுகளின் கீறல் எழுத்துகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: குரல், அதுவும் பக்கத்தின் இரு முனைகளிலும்

ஒரே ஒரு இசைத்தட்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் குரல் தட்டைத்தான் எடுப்பேன். மனிதக் குரலை நம் காதுகள் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியிருக்கின்றன. சிறிதே பிசகினாலும் மூக்கால் பாடுவது போலவோ, நெஞ்சுக்குள் அடைத்தது போலவோ உடனே தெரிந்துவிடும். பின்னணி வாத்தியம் குறைவாக, எதிரொலி அதிகம் சேர்க்காமல் பதிந்த தனிக்குரலாகப் பாருங்கள். ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று இருப்பது நல்லது. ஆண் குரலில் அடித்தொண்டை உப்பினால் ஸ்பீக்கர் சுவருக்கு மிக அருகில் இருக்கலாம். பெண் குரல் உச்சத்துக்குப் போகும்போது காதைக் குத்தினால் கார்ட்ரிட்ஜிலோ, ஸ்பீக்கரில் உயர்சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டரிலோ பிரச்சினை இருக்கலாம்.

குரலில் ச, ஸ, ஷ வரும் இடங்கள்தான் ஊசிக்கு உண்மையான பரீட்சை. அதை முழுமையாகச் செய்ய, தட்டில் பாட்டு எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 33⅓ வேகத்தில், தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளுக்கு அருகே அதே ஒரு நொடியில் சுமார் 21 சென்டிமீட்டர்தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் விரிந்திருக்கும், உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கப்பட்டிருக்கும். சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஆரம் 15 முதல் 18 மைக்ரான். அந்த முனை 21 மைக்ரான் அலையின் வளைவுகளுக்குள் முழுதாக இறங்க முடியாது. மழுங்கலாகவோ சீறலாகவோ கேட்பது இதனால்தான். நீள்வட்ட ஊசியும், அதைவிட மெல்லிய விளிம்புள்ள லைன் கான்டாக்ட் ஊசியும் இந்த இடத்தில்தான் தங்கள் விலைக்கு நியாயம் செய்கின்றன.

ஆகவே ஒரு பக்கத்தின் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒரே குரலில், ஏறக்குறைய ஒரே உரத்தில் இருக்கும் தட்டைத் தேடுங்கள். முதல் பாட்டில் ஸ சுத்தமாக வந்து, கடைசிப் பாட்டில் துப்புவது போல் வந்தால், ஊசியின் வடிவம், கார்ட்ரிட்ஜ் பொருத்திய கோணம், டிராக்கிங் எடை (ஊசி தட்டை அழுத்தும் அளவு) ஆகிய மூன்றையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி சீறினால் பாடகரின் மைக்கோ மாஸ்டரிங்கோ அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஒரு சேனலில் மட்டும் சீறினால் ஆன்ட்டி ஸ்கேட்டிங்கையும், ஊசி செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

இதே தட்டு 45 சுற்றுப் பதிப்பாகவும் கிடைத்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். பள்ளம் 35 சதவீதம் வேகமாக ஓடுவதால் உள்பகுதிச் சிக்கல் நன்றாகவே குறையும். ஆனால் சோதனைக்கு 33⅓ பதிப்பே மேல். நாம் தேடுவது சாதனம் திணறும் இடத்தைத்தானே.

படி 4: பியானோ

வேகத்தின் ஊசலாட்டத்தைப் பிடிக்கப் பியானோவைப் போல வேறொன்று இல்லை. அடித்த சுரத்தை அந்த வாத்தியத்தால் வளைக்க முடியாது. குரலும் வயலினும் தாமே அசைவதால் டர்ன்டேபிளின் அசைவை மறைத்துவிடும். மெதுவான தனிப் பியானோ, நீண்டு மறையும் தனிச் சுரங்கள், மையம் சரியாக உள்ள பிரதி, இவ்வளவுதான் தேவை. சுரம் மறையும்போது தண்ணீரில் ஆடும் நிழலைப் போல நெளிந்தால் வேகம் நிலையாக இல்லை. தட்டு மையம் தவறியதா என்பதைப் படி 2-இல் சொன்னபடி முதலில் பார்த்துவிடுங்கள்.

சுருதியின் துல்லியத்தைச் சோதிக்கும்போது பதிவே தவறாக இருக்கக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆம் ஆண்டு ஆல்பமான கைண்ட் ஆஃப் ப்ளூவின் முதல் பக்கம் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். பதிவுக்கூடத்தில் டேப் இயந்திரம் சற்றே மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் திருப்பி ஓட்டும்போது சுருதி ஏறி ஒலித்தது. 1990களில் மறுபதிப்பு வரும்வரை அது திருத்தப்படவில்லை. பழைய பிரதியைப் போட்டு, பக்கத்தில் பியானோவை வாசித்துப் பார்த்து, டர்ன்டேபிளைக் குறை சொன்னால் அது பாவம்.

படி 5: பாஸ்

வெடிக்கும் பாஸ் உள்ள தட்டு வேண்டாம். விரலால் மீட்டிய டபுள் பாஸ், படியேறி இறங்குவது போல ஒவ்வொரு சுரமாக நடக்கும் பகுதி வேண்டும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதா, எல்லாம் ஏறக்குறைய ஒரே உரமாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஒரு சுரம் மட்டும் திடீரென்று உப்பினால் சாதனத்தைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் அறையின் வேலை. டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 4 மீட்டர் நீளமுள்ள அறை சுமார் 43 ஹெர்ட்ஸில் தானே முழங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுரம் வீங்கும். நாற்காலியை அரை மீட்டர் முன்னோ பின்னோ நகர்த்திக் கேளுங்கள். வீக்கம் மாறினால் அறைதான் காரணம் என்பது உறுதி. இதை ஸ்பீக்கர் வாங்கும் முன் தெரிந்துகொண்டால் நிறையப் பணம் மிஞ்சும்.

ஸ்பீக்கர் அதிரும் ஒலி திரும்பி வந்து ஊசியை ஆட்டுகிறதா என்று பார்க்க இசையே வேண்டாம். மோட்டாரை நிறுத்திவிட்டு, நிற்கும் தட்டின் மேல் ஊசியை இறக்கி, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டி, டர்ன்டேபிள் இருக்கும் பலகையை விரலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கும் என்று நீண்டு ஒலித்தால், பாஸ் குழம்புவதற்குக் காரணம் அந்தப் பலகைதான். ஊளையிடத் தொடங்கினால் உடனே ஒலியைக் குறைத்துவிடுங்கள்.

படி 6: மோனோ தட்டு

யாரும் சோதனைக்கு எடுக்காத தட்டு இது. எனக்கோ இதில்லாமல் சோதனையே இல்லை. மோனோ பள்ளத்தில் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசைகிறது, இரண்டு சேனலுக்கும் ஒரே செய்தி போகிறது. ஆகவே இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்தால் பாடகர் சரியாக நடுவே, ஓர் ஆள் அகலத்தில் நிற்க வேண்டும். வேறு எந்த விடையும் சரியல்ல.

நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கினால் இரு சேனலின் உரம் சமமாக இல்லை. உயர்சுரங்கள் மட்டும் ஒதுங்கினால் ஸ்பீக்கர்கள் உங்களைப் பார்க்கும் கோணம் ஒன்றாக இல்லை, அல்லது ஒரு ட்வீட்டர் சோர்ந்திருக்கிறது. நடுவில் எதுவுமே நிற்காமல் அறை முழுதும் பரவினால் எங்கோ ஒரு வயர் மாறி இணைந்திருக்கிறது. கார்ட்ரிட்ஜின் நான்கு முனைகளையும் ஸ்பீக்கர் வயர்களையும் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திக் கேளுங்கள். ஊசி மேலும் கீழும் அசைவதால் வரும் இரைச்சல் அப்போது நீங்கிவிடும். எவ்வளவு இரைச்சல் குறைகிறதோ அவ்வளவும் தூசியும் தேய்மானமும்.

ஸ்டீரியோ எல்பிகள் 1958 வாக்கில்தான் பரவின. அதற்கு முந்தைய தட்டுகள் எல்லாம் மோனோதான். ஆனால் 1950களின் தொடக்கத்தில் அச்சான தட்டை, குரலின் நிறத்தை எடைபோடப் பயன்படுத்தாதீர்கள். வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளை (உயர்சுரங்களை) உயர்த்துவதும், கார்ட்ரிட்ஜின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்புவதும் இன்று, அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ வகுத்த வளைவின்படி நடக்கிறது. அந்தத் தரம் 1954-இல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வளைவு இருந்தது. பழைய மோனோப் பதிவின் நல்ல மறுபதிப்பு ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படி 7: மேடையும் கூட்டமும்

ஸ்டீரியோவின் ஆழத்தைச் சோதிக்க, நிஜ அரங்கில் சில மைக்குகளால் மட்டும் பதிந்த இசை வேண்டும். 1950களின் இறுதியில் மெர்குரி, டெக்கா, ஆர்சிஏ நிறுவனங்கள் பதிந்த ஆர்க்கெஸ்ட்ரா தட்டுகளை இன்றும் இதற்காகத் தேடுவது வெறும் பழம்பெருமையால் அல்ல. ஒரு சில மைக்குகளில் ஓர் அரங்கத்தையே பிடித்தார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பது பதிவிலேயே இருக்கிறது. பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்து சேர்த்த ஸ்டுடியோ இசையில் இடமும் வலமும் கச்சிதமாக இருக்கும், ஆனால் ஆழம் என்பது செயற்கையாகச் சேர்த்தது. அதை வைத்து மேடை தெரிகிறதா என்று தேடுவதில் பொருளில்லை.

பெரிய கோரஸ் பாடும் தட்டு ஒன்றும் இருக்கட்டும். பல குரல்கள் ஒன்றாக எழும் இடத்தில், அதுவும் பக்கத்தின் கடைசியில், தனித்தனிக் குரல்களின் கூட்டமாகக் கேட்டால் முழுச் சங்கிலியும் நலம். ஒரே கண்ணாடிச் சத்தமாகக் கெட்டிப்பட்டால் முதல் சந்தேகம் ஊசி.

தோல் வாத்தியம் ஒன்றும் அவசியம். நேரில், அருகில் உட்கார்ந்து கேட்ட வாத்தியமாக இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. மிருதங்கத்தை அப்படிக் கேட்டவருக்கு, இடப்பக்கத் தோலான தொப்பியின் தாழ்ந்த குமுறலும் வலப்பக்கத் தோலான வலந்தலையின் கூர்மையான சொல்லும் எப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் ஒலிக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். விரல் விழும் கணம் மழுங்கினாலும், தொப்பியின் ஒலி வேண்டியதைவிட நீண்டாலும் உடனே பிடித்துவிடுவார். வேறு வாத்தியத்தோடு வளர்ந்தவர் அதை எடுத்துக்கொள்ளலாம். புகழ்பெற்ற ஆடியோஃபைல் தட்டில் உள்ள, நீங்கள் நேரில் கேட்டேயிராத தாளத்தைவிட இது நூறு மடங்கு பயனுள்ளது.

பீரங்கி முழங்கும் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டெலார்க் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட சைகோவ்ஸ்கியின் 1812 ஓவர்ச்சர், எரிக் குன்ஸல் நடத்தியது. அதன் பீரங்கி இடங்களில் பள்ளத்தின் வளைவை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், பல ஊசிகள் அங்கே துள்ளி வெளியேறிவிடும். அதைத் தாண்டிவிட்டால் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் நன்றாகப் பொருந்தியிருக்கின்றன என்று அர்த்தம், இசை நன்றாக ஒலிக்கும் என்பதற்கு அது சான்றல்ல. ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு போடுங்கள், ஸ்பீக்கரின் தாழ்சுரப் பகுதியான வூஃபர் பிழைக்கட்டும்.

படி 8: அமைதி

இரண்டு பாட்டுகளுக்கு இடையே உள்ள வெற்றுப் பள்ளத்தைக் கேளுங்கள். தாழ்ந்த உறுமல் வருகிறதா? ஊசியைத் தூக்குங்கள். உறுமல் நின்றால் அது டர்ன்டேபிளின் பேரிங்கிலிருந்தோ மோட்டாரிலிருந்தோ வருவது, அல்லது தட்டிலேயே பதிந்தது. ஊசியைத் தூக்கியும் ஹம் என்ற மின் முரல் நிற்காவிட்டால் எர்த் வயரையும் ஃபோனோ பிரீஆம்பையும் பாருங்கள்.

படி 9: சுமாரான பதிவு ஒன்று

உங்களுக்கு உயிரான, ஆனால் பதிவு சுமாரான ஒரு தட்டையும் தொகுப்பில் சேருங்கள். நல்ல பதிவை மட்டும் ரசிக்க வைத்து, நம்மிடம் உள்ள பாதித் தட்டுகளைக் கேட்க முடியாமல் செய்யும் சாதனத்தை நான் நல்ல சாதனம் என்று சொல்ல மாட்டேன். பதிவின் குறைகளை மறைக்காமல், அதே நேரம் பாடுபவரை நம் முன் கொண்டுவந்து நிறுத்துகிறதா என்பதே இந்தத் தட்டு கேட்கும் கேள்வி. விலை ஏற ஏற இதில் தோற்கும் சாதனங்கள் அதிகம்.

படி 10: ஒப்பிடும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தட்டையும் ஊசியையும் சுத்தம் செய்துவிட்டு, கார்ட்ரிட்ஜின் ரப்பர் பதத்துக்கு வர ஒரு பக்கம் வேறு ஏதாவது ஓடட்டும். பின்பு தேர்ந்த இரண்டு நிமிடப் பகுதிகளை எப்போதும் ஒரே வரிசையில் கேளுங்கள்.

உரம் சமமாக இல்லாத ஒப்பீட்டால் பயனே இல்லை. ஒரு டெசிபெல் உரக்க ஒலிப்பது நம் காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். இரண்டு கார்ட்ரிட்ஜ்களின் வெளியீடு அதைவிட அதிகமாகவே வேறுபடும். டெஸ்ட் ரெக்கார்டின் 1,000 ஹெர்ட்ஸ் தொனியைப் போட்டு, கேட்கும் இடத்தில் கைபேசியை வைத்து, ஒலி அளவைச் சமப்படுத்திவிட்டுத் தொடங்குங்கள். கார்ட்ரிட்ஜ் மாற்ற அரை மணி நேரம் ஆகும், அதற்குள் காது முந்தையதை மறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் அதே பகுதியைக் கணினியில் பதிந்து வைத்து, உரத்தைச் சமன் செய்து, அடுத்தடுத்து மாற்றிக் கேட்பது சிறந்த வழி. அதே ஆல்பத்தின் சிடியோடு ஒப்பிடும்போது மட்டும் கவனம் தேவை. இரண்டின் மாஸ்டரிங்கும் பெரும்பாலும் வேறு, கேட்கும் வித்தியாசம் டர்ன்டேபிளினுடையது என்று சொல்ல முடியாது.

ஒரு சேனலில் மட்டும் குறை கேட்டால், ஃபோனோ பிரீஆம்பின் நுழைவில் இடது வலது வயர்களை இடம் மாற்றுங்கள். ஒலியைக் குறைத்துவிட்டுச் செய்யுங்கள். குறை அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் தட்டு, கார்ட்ரிட்ஜ், ஆர்ம், வயர் இவற்றில் ஒன்றுதான் காரணம். அதே ஸ்பீக்கரில் தங்கினால் பிரீஆம்பிலிருந்து அறை வரை தேட வேண்டும். தட்டா கார்ட்ரிட்ஜா என்று பிரிக்க இன்னொரு தட்டைப் போட்டாலே போதும்.

தொகுப்பைப் பாதுகாப்பது

தேர்ந்தெடுத்த தட்டுகளைத் தனி வரிசையில் வையுங்கள். ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கட்டும். எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு, எந்த நிமிடம், எதைக் கேட்க வேண்டும், சரியாக ஒலித்தால் எப்படி இருக்கும் என்பதை உங்கள் சொற்களில் எழுதுங்கள். தேதி போட்டு எழுதினால், சில வருடம் கழித்து தட்டு தேய்ந்திருக்கிறதா என்று சந்தேகம் வரும்போது பழைய சீட்டு உதவும். குரல் தட்டும் பியானோ தட்டும்தான் அதிகம் ஓடும். அவற்றுக்கு அதே கீறல் எழுத்துகள் உள்ள இரண்டாவது பிரதியை வாங்கி, ஓட்டாமல் வையுங்கள். முதல் பிரதியில் குறை கேட்கும் நாளில் இரண்டாவதைப் போட்டால் சில நொடிகளில் விடை தெரிந்துவிடும்.

வேறொருவர் வீட்டிலோ கடையிலோ சாதனம் கேட்கப் போகும்போது இந்தப் பிரதிகளை எடுத்துச் செல்ல வேண்டாம். அங்கே ஊசி எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாது. பெரும்பாலான மூவிங் மேக்னட் (நகரும் காந்தம்) வகைக் கார்ட்ரிட்ஜ்கள் 1.5 முதல் 2.5 கிராம் எடையில் ஓடுகின்றன. பெட்டி வடிவ மலிவு பிளேயர்களில் உள்ள செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராம் வரை அழுத்தும். தேய்ந்த ஊசி ஒரே ஓட்டத்தில் பள்ளத்தைக் கெடுத்துவிடும். அதே பதிப்பின் சற்றுப் பழைய பிரதி ஒன்றை இதற்கென்று வைத்துக்கொண்டு, ஊசியை ஒரு முறை பார்க்கிறேன் என்று கேட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகு தட்டைக் கொடுங்கள்.